சட்ட முதுமொழிகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இலத்தீன் முதுமொழிகளை இன்னமும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதம் அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்தது. பொருள் விளங்காத ஒலிகளைத் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வருவதால் யாருக்கு என்ன பயன் என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் அவற்றைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம் என்று அவர் சொல்லும் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. குருமடத்தில் நெடுங்காலம் இலத்தீன் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது மாலை வேளைகளில் சட்ட மாணவர்கள் சிலருக்கு அம்மொழியைச் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். மாணவர்கள் ‘மாக்சிம்’ என்றே குறிப்பிடும் அந்தச் சிறு வாக்கியங்களைவிட இலத்தீனுக்கு நல்ல முதற்பாடம் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. அவற்றைக் கற்பிக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

1978-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக எடுத்துப் பேசியதால் சட்டம் படிக்கும் எவருக்கும் தெரிந்திருக்கும் ‘ஔதீ அல்த்தெரம் பர்த்தெம்’ (மறுதரப்பைக் கேள்) என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். கையேட்டில் அதற்கு நேரே ஆங்கிலத்தில் ஒரு வரி பொருள் இருக்கும். மாணவர் இரண்டையும் சேர்த்து உருப்போடுவார். இருக்கும் மூன்று சொற்களில் எது ‘கேள்’, எது ‘தரப்பு’ என்று கேட்டால் விழிப்பார். அதையே வகுப்பில் அனைவரும் வாய்விட்டுச் சொல்லுமாறு செய்து, முதற்சொல்லின் ஈற்றை நெடிலாக நிறுத்தச் சொல்லி, பின்னிரு சொற்களும் ‘ம்’ என்று முடிவதைக் காதால் கேட்க வைத்தால், இலக்கணத்தின் ஒரு பெரும்பகுதி அங்கேயே வந்துவிடுகிறது. ‘ஔதீ’ என்பது ஒருவரை நோக்கிய ஏவல். பலரை நோக்கினால் ‘ஔதீத்தெ’ ஆகும். ‘பர்த்தெம்’ என்பதன் ஈற்றில் ஒலிக்கும் ‘ம்’, நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘அல்த்தெரம்’ அதற்கு அடைமொழி. பெயர் ஏற்கும் வேற்றுமையை அடைமொழியும் ஏற்க வேண்டும் என்ற இந்த ஓரிடத்தில் மட்டும் தமிழ் மாணவர் சற்றுத் தடுமாறுவார், ஏனெனில் நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. புனித அகுஸ்தீன் தம் நூலொன்றில் இதே சொற்களை ‘ஔதீ பர்த்தெம் அல்த்தெரம்’ என்று இடம் மாற்றி எழுதியிருக்கிறார்; பொருள் இம்மியும் மாறவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது எந்த மாணவரும் வியப்பதில்லை. ‘மறுதரப்பைக் கேள்’ என்றாலும் ‘கேள் மறுதரப்பை’ என்றாலும் ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு.

நம் மாணவர்களுக்கு இலத்தீன் கடினம் என்ற பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக நாம் இரவல் வாங்கிய அச்சம் என்றே நினைக்கிறேன். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே ஆங்கிலேய மாணவருக்கு வேற்றுமை என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கிப் பல பக்கம் விளக்க வேண்டியிருக்கிறது. அந்த விளக்கத்தை நம் பிள்ளைகளும் வரிவரியாகப் படித்துக் குழம்புகிறார்கள். ‘மனுஸ் மனும் லவத்’ என்றொரு உரோமப் பழமொழி உண்டு. உரோமத் தத்துவ அறிஞர் செனெக்காவும் எடுத்தாண்டிருக்கிறார். தமிழில் ‘கை கையைக் கழுவும்’ என்று சொல்லுக்குச் சொல் அப்படியே அமைகிறது. வினைகூட இறுதியில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வால்டோ சுவீட் 1950-களில் இத்தகைய பழமொழிகளையே அடிப்படை வாக்கியங்களாக வைத்து ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். முதலில் வாக்கியத்தை வாயால் சொல்லி நினைவில் நிறுத்த வேண்டும். பிறகு ‘கழுவுவது எது?’, ‘எதைக் கழுவுகிறது?’ என்று இலத்தீனிலேயே கேட்கப்படும் வினாக்களுக்கு உரிய ஈற்றோடு விடை சொல்ல வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்து, பின் அதற்கு வாக்கியம் தேடும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. என் வகுப்பில் இம்முறையையே, ஒலிநாடா இல்லாமல், பின்பற்றுகிறேன்.

சுவீட் புதிதாகக் கண்டுபிடித்த வழி என்று இதைச் சொல்ல முடியாது. உரோமப் பிள்ளைகள் தம் தாய்மொழியில் எழுத்தறிவு பெற்றதே சிறு வாக்கியங்களின் துணையோடுதான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்று, நாடகக்காரராகப் பெயரெடுத்து, ஜூலியஸ் சீசரின் கையால் பரிசும் பெற்ற புப்லிலியுஸ் சீருஸ் என்பவருடைய நாடகங்கள் அழிந்துபோயின. அவற்றிலிருந்து பொறுக்கி அகரவரிசையில் தொகுத்த ஒற்றை வரிகள் மட்டும் பள்ளிப் பாடமாக நின்று நிலைத்தன. ‘சிறுவனாகப் பள்ளியில் படித்தேன்’ என்று சொல்லியே அவருடைய வரியொன்றைப் புனித ஜெரோம் ஒரு கடிதத்தில் மேற்கோள் காட்டுகிறார். பழகவிட்ட ஒன்றைப் பின்னர் கண்டிப்பது கடினம் என்பது அதன் கருத்து. சட்ட மாணவர்களுக்கு நான் முதலில் தரும் வரியும் சீருஸினுடையதே: குற்றவாளி விடுவிக்கப்படுமிடத்தில் நீதிபதி தண்டிக்கப்படுகிறார். ‘தம்னாத்துர்’, ‘அப்சொல்வித்துர்’ என்று அதிலுள்ள இரு வினைகளும் ஒன்றுபோல் முடிவதை இரண்டு முறை உரக்கச் சொன்னவருக்குச் செயப்பாட்டுவினையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கேட்டோவின் பெயரால் வழங்கும் மற்றொரு தொகுப்பு ஐரோப்பாவெங்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளிப் பாடமாக இருந்தது. அதன் முகப்பில் உள்ள இருசொல் வாக்கியங்களைப் பார்த்தால் ஔவையாரின் ஆத்திசூடியைப் படித்த எவருக்கும் சிரிப்பு வரும். ‘பரெந்தேஸ் அமா’ என்பது தந்தை தாய்ப் பேண். ‘லிப்ரோஸ் லெகெ’ என்பது, ‘பல’ என்ற சொல் நீங்கலாக, நூல் பல கல். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். குழந்தையின் மூச்சு எவ்வளவு நீளம் என்பது இரண்டு ஊர் ஆசிரியர்களுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவே.

வாய்விட்டுப் படிப்பதைப் பற்றி எல்லோரையும்விடத் தெளிவாக எழுதியவர் முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவிந்திலியன். எங்கே மூச்சு விடுவது, வரியை எங்கே பிரிப்பது, பொருள் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது, குரலை எப்போது உயர்த்துவது, எப்போது தாழ்த்துவது என்றெல்லாம் செய்முறையில்தான் காட்ட முடியும் என்று சொல்லிவிட்டு, இவை அனைத்தும் கைவர ஒரே ஒரு விதிதான் தன்னிடம் உண்டு, படிப்பதை மாணவன் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். பழைய இலத்தீன் சுவடிகள் பலவற்றில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தானே. உரக்கப் படிப்பவர் சொல்லைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கப் பொருள் தெரிந்தாக வேண்டும். அந்த வகையில் உரக்கப் படிப்பதே ஒரு தேர்வாகவும் அமைந்துவிடுகிறது. இன்றைக்கும் ஒரு மாணவர் வாக்கியத்தைப் புரிந்துகொண்டாரா என்பதை அவர் எழுதும் மொழிபெயர்ப்பைவிட, படிக்கும்போது அவர் நிறுத்தும் இடமே விரைவில் காட்டிக்கொடுக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததைக் காது காட்டித்தரும் இடங்களும் உண்டு. தன் வழக்கில் எவரும் நீதிபதியாக இருக்க இயலாது என்ற முதுமொழியில் ‘இன் கௌசா சுஆ’ என்று வருகிறது. ‘கௌச’ என்று குறிலில் முடிந்தால் அது எழுவாய். ‘கௌசா’ என்று நெடிலில் முடிந்தால் ‘வழக்கில்’ என்று பொருள்படும். சட்ட நூல்களில் இரண்டும் ஒரே எழுத்துகளால்தான் அச்சாகின்றன. அதுபோலவே ‘வெனித்’ என்றால் வருகிறான், ‘வேனித்’ என்றால் வந்தான். குறில் நெடில் பிறழ்ந்தால் காலமே மாறிவிடும். ஆங்கிலம் வழியே இலத்தீன் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காதில் ஏற்ற அரும்பாடு படுகிறார்கள். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் தொடக்கப்பள்ளியிலேயே பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு அது பாடமே இல்லை. இலத்தீனின் ஐந்து குறிலுக்கும் ஐந்து நெடிலுக்கும் நம் நெடுங்கணக்கில் தனித்தனி எழுத்து இருக்கிறது. ஏகார ஓகார வடிவங்களைச் செப்பம் செய்தவர் என்று போற்றப்படும் வீரமாமுனிவரே இலத்தீனில் வளர்ந்தவர். தமிழுக்கு இலத்தீனில் இலக்கணம் எழுதியவர். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியில் பெயர்த்தவர். மெய்யெழுத்துகளில் மட்டும், குறிப்பாக வல்லினத்தில், நம் எழுத்து போதாது. அதற்கு ஆசிரியரின் வாய் வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. திருச்சபையில் ஒருவிதம், பழைய உரோம ஒலிப்பை மீட்டெடுத்த அறிஞர்களிடம் ஒருவிதம், நீதிமன்றத்தில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மூன்றாவது விதம். வகுப்புக்கு ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது போதும். நீதிபதியின் முன்னால் ‘ஔதீ’ என்று நீட்டி முழக்கும்படி எந்த இளம் வழக்கறிஞருக்கும் நான் ஆலோசனை கூறவில்லை.

வாசகர் கடிதத்தில் ‘மென்ஸ் ரியா’ (குற்ற மனம்) என்பதைக் கேலியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த இரண்டு சொற்களும் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எழுதிவைத்த முழு வாக்கியம் ஒன்றின் வால். மனம் குற்றமுடையதாக இருந்தாலன்றிச் செயல் ஒருவரைக் குற்றவாளி ஆக்காது என்பது அவ்வாக்கியம். அதில் ஒரே அடைமொழி முதலில் ‘ரெஉம்’ என்றும் பிறகு ‘ரெஅ’ என்றும் வருகிறது. முன்னது ஆளைக் குறிக்கிறது, ஆண்பால், செயப்படுபொருள். பின்னது மனத்தைக் குறிக்கிறது, இலத்தீனில் மனம் பெண்பால், இங்கே எழுவாய். வாக்கியம் முழுவதையும் படித்த மாணவருக்கு, குற்றம் எங்கே ஆளின்மேல் ஏறுகிறது, எங்கே மனத்தின்மேல் நிற்கிறது என்பதை அந்த இரண்டு ஈறுகளே சொல்லிவிடும். வாலை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கு அது வெறும் ஒலிதான்; அந்த அளவில் வாசகரோடு நானும் உடன்படுகிறேன்.

முதுமொழிகளோடு நின்றுவிடுவோருக்கு ஒரு பத்தி இலத்தீன்கூடப் படிக்க வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நூறு மேற்கோள் தெரிந்து, தொடர்ந்து நான்கு வரி படிக்கத் தெரியாதவர்களைக் குருமடத்திலேயே கண்டிருக்கிறேன். செனெக்காவும் தம் நண்பருக்கு எழுதுகையில், சிறு வாக்கியங்கள் சிறுவர்களுக்கு ஏற்றவை, வளர்ந்த பின்னும் அவற்றையே பற்றிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு என்று கடிந்திருக்கிறார். சட்ட மாணவர்களுக்கு அடுத்த படி அருகிலேயே இருக்கிறது. பேரரசர் ஜஸ்டீனியன் 533-ஆம் ஆண்டில், சட்டம் கற்க விழையும் இளைஞர்களை விளித்து, முதலாண்டுப் பாடநூலாகவே வெளியிட்ட நூலின் தொடக்கப் பகுதி எளிய இலத்தீன். நேர்மையாக வாழ்தல், பிறருக்குத் தீங்கிழையாதிருத்தல், அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளித்தல் என்ற மூன்று கட்டளைகள் அதன் முதற்பக்கங்களிலேயே உள்ளன. ‘வீவெரெ, லைதெரெ, த்ரிபுஎரெ’ என்று மூன்றும் இயைபுத் தொடைபோல் முடிகின்றன. நடுவிலுள்ள கட்டளையில் ‘அல்த்தெரும்’ என்று வரும்போது, ‘அல்த்தெரம்’ அறிந்த மாணவர் உடனே தலைநிமிர்வார். இது ஆண்பால் என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆகவே பாடத்திட்டக் குழுவினருக்கு என் வேண்டுகோள் சிறியது. முதுமொழிகளை நீக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். முதலாண்டில் வாரத்துக்கு ஒரு பாடவேளையேனும் அவற்றை வகுப்பில் உரக்கப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். கையேட்டில் ஆங்கிலப் பொருளுக்குப் பக்கத்தில் நெடில்களைச் சரியாகக் காட்டும் தமிழ் ஒலிபெயர்ப்பும், சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருளும் அச்சிடுங்கள். தேர்வில் ‘பொருள் தருக’ என்று கேட்பதோடு, வாக்கியத்திலுள்ள ஒரு சொல்லைச் சுட்டி அதன் வேற்றுமை யாதென்று கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவையும் சேர்த்தால், அதைப் பற்றிய பேச்சு வகுப்பறையில் தானாகவே எழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலத்தீன் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.