அப்பாவின் பாரத்தைத் தாங்கியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்கு அடியில், ஓராண்டுக்கும் மேலாக ஆறாமல் இருந்த புண் மூடிவிட்டது. போன வாரம் மதுரையில் டாக்டர் அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து, "ஐயா, இனிமேல் கட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் நின்று விசாரிக்கிறீர்கள். உங்களில் பலருடைய கை இந்தக் காலில் பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்பவர். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சின் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டுச் சமன் செய்வார்கள். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்க வேண்டும். நுணுக்கம் எல்லாம் கைக்கு, பாடு காலுக்கு. ஈரத் தரையில், சிமெண்டின் காரத்தில், வெறுங்காலோடு பகல் முழுக்க நிற்கிற உடம்பு அவருடையது. சர்க்கரை நோய் வந்தும் பல ஆண்டுகள் ஆகின்றன.

புண் வந்தபோது அவருக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் நொண்டியிருப்பார், உட்கார்ந்திருப்பார். வலி இல்லாததால் அதே காலை ஊன்றி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். முதலில் காட்டிய இடத்தில் நாள்தோறும் மருந்து வைத்துக் கட்டினார்கள், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்பா எப்படி நடக்கிறார், எங்கே நிற்கிறார், எந்தச் செருப்புப் போடுகிறார் என்று மட்டும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

முதல் நன்றி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கும் அக்காவுக்கு. மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் திண்ணையில் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தார். "விரலை எடுக்கச் சம்மதிக்கிறதுக்கு முன்னால் ஆறாத புண்ணுக்கென்றே இருக்கிற புறநோயாளர் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், படுக்கையில் சேர வேண்டியதில்லை, போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம்" என்று சொல்லி, சீட்டில் விவரமும் எழுதிக் கொடுத்தார். அக்கா, அந்தச் சீட்டு இன்னும் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது.

மதுரை டாக்டர் அம்மா புண்ணுக்கு மருந்து போடுவதற்கு முன் செய்த காரியங்களை நான் இன்றைக்கும் வியந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கிற இழை அது. தொடும்போது சொல்லுங்கள் என்றார். அப்பா பேசாமல் இருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார். அவர் காத்திருந்த நேரத்தில் இழை பாதம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியையே எடுத்துவிட்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு டாப்ளர் கருவியை வைத்துக் கணுக்காலில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைத்தார். கையில் இருக்கும் ரத்த அழுத்தத்தையும் கணுக்காலில் இருக்கும் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவர் கெட்டிப்பட்டு இந்தக் கணக்கு சில நேரம் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால் கால் விரலிலும் அழுத்தம் பார்த்தார். மெல்லிய கம்பியால் புண்ணின் ஆழம் எலும்பைத் தொடுகிறதா என்று பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்தார். ரத்தம் போகிறது, எலும்பில் சீழ் இல்லை என்று உறுதியான பிறகுதான் பேசினார். "புண்ணுக்கு மருந்து குறைவில்லை ஐயா, கால் மேல் பாரம்தான் அதிகம்" என்றார்.

அதன்பின் மாவுக்கட்டு. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுவது போன்ற கட்டை எதற்குப் புண்ணுக்குப் போடுகிறார்கள் என்று நாங்கள் பயந்துவிட்டோம். டாக்டர் அம்மா அப்பாவின் ஊரைக் கேட்டுவிட்டு அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்: "உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் அவ்வளவு பெரிய கூரையை ஒற்றைத் தூணா தாங்குகிறது? வரிசையாகத் தூண் நிற்கிறது அல்லவா? இந்தக் கட்டு பாதம் முழுக்கப் படிந்து பாரத்தைப் பிரித்துக்கொள்ளும்." அப்பா அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்த அறிவுக்கு நம் மண்ணோடு உறவு இருக்கிறது என்பதையும் டாக்டர் அம்மாவிடமே தெரிந்துகொண்டோம். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களைப் பல்லாண்டு கவனித்தவர். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாத காலை மேலும் மேலும் மிதிப்பதால்தான் புண் ஆறுவதில்லை என்று எடுத்துக்காட்டியவர். யாரும் தொடத் தயங்கிய கால்களைத் தொட்டுப் பார்த்துக் கற்ற பாடம் இன்று என் அப்பாவின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. அவருக்கும், அந்தப் பழைய நோயாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

புண் கட்டும் சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் ஏந்திக்கொள்வார். உப்புநீரால் கழுவி, புண்ணைச் சுற்றி மேடு கட்டியிருந்த காய்ப்பைக் கத்தியால் இழை இழையாகச் சீவுவார். முதல் நாள் சீவி முடித்தபோது புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். "காய்ப்புக்கு அடியில் மறைந்திருந்ததுதானம்மா, இப்போது வெளியே வந்திருக்கிறது" என்று என் தோளைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து விளிம்பைப் பேனாவால் வரைந்து தேதி போடுவார். 4 வாரத்தில் பாதியாவது சுருங்க வேண்டும், சுருங்காவிட்டால் சிகிச்சையை மாற்றி யோசிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் காட்டியபோது, கோடு கோடாக உள்ளே சுருங்கி வந்ததை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முட்டை சாப்பிட்டாரா, பருப்பு சாப்பிட்டாரா, சர்க்கரை அளவு என்ன என்று வீட்டுப் பெண்ணைப் போலக் கேட்பீர்கள் சிஸ்டர். நன்றாக இருங்கள்.

மருத்துவம் மதுரையில் நடந்தது என்றால், காலைத் தரையில் ஊன்றாமல் பார்த்துக்கொண்டது இங்கே இருக்கிற நீங்கள். ஆட்டோ தம்பி, வீட்டு வாசலிலிருந்து காரைக்குடி பேருந்து நிலையத்தில் பஸ் படி வரைக்கும் கொண்டுவிட்டு, அப்பாவைத் தூக்கி ஏற்றிவிட்டு, திரும்பி வரும் நேரத்துக்குக் காத்திருப்பாயே, அதற்கு நீ வாங்கிய காசு டீசலுக்குக் கூடப் போதாது. திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போகும் அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அண்ணன், அப்பா காலை நீட்டி வைக்க முன் இருக்கையைப் பிடித்து வைத்திருப்பார். பட்டறை முதலாளி அண்ணன் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. உயரமான மேசை போட்டு, கால் வைக்கத் தனிப் பலகை செய்து, உட்கார்ந்தபடி வண்ணம் ஊற்றும் வேலையை மட்டும் கொடுத்தார். தொட்டிக்குச் சுமக்கிற வேலையைப் பட்டறைத் தம்பிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கூலி குறையவில்லை. வேலையா காலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். அதனால் இந்த உதவியின் எடை எனக்குத் தெரியும்.

மேலத் தெரு ஆச்சி, உங்கள் வளவில் இருந்த சக்கர நாற்காலியையும், கழிப்பறைக்கு வைக்கும் நாற்காலியையும், "ஐயா போன பிறகு சும்மாதான் இருக்கிறது, கொண்டு போம்மா" என்று கொடுத்தனுப்பினீர்கள். இரவில் கழிப்பறைக்கு நடக்கிற நடை மிச்சமானதே பெரிய வைத்தியம் என்றார் சிஸ்டர்.

தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போகும் குழுவுக்கும் நன்றி. அப்பா வர முடியாது என்றதும், அவருடைய காணிக்கையைக் குன்றக்குடியில் வாங்கிக்கொண்டு, அவர் பெயரையும் சொல்லிக் கும்பிட்டு வந்தீர்கள். "முருகன் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்" என்று திருநீறு கொடுத்தபோது அப்பாவின் முகம் தெளிந்தது.

இப்போது அவருக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்து அளவெடுத்துச் செருப்புத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்கிறார். இப்படி ஆறிய புண் ஓராண்டுக்குள் 100 பேரில் ஏறத்தாழ 40 பேருக்குத் திரும்ப வருகிறதாம். ஆகவே தினமும் இரவு நான் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். உச்சி வெயிலில் கோயில் கல்தரையில் அவரை வெறுங்காலோடு யாராவது பார்த்தால், தயவுசெய்து உரிமையோடு திட்டி நிழலில் உட்கார வையுங்கள்.

ஆச்சியிடம் கேட்டுவிட்டேன். சக்கர நாற்காலியும், கழிப்பறை நாற்காலியும், நாங்கள் வாங்கிய ஊன்றுகோலும் எங்கள் வீட்டில் துடைத்து வைத்திருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்கு முதல்முறை போகிறவர்களுக்குத் துணையாக வரவும் நான் தயார்.

நன்றியுடன்,
ஆத்தங்குடியிலிருந்து ஒரு மகள்