அந்தக் கால் வீக்கம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புத் தோழிக்கு,

நலம். முத்தியால்பேட்டையில் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் தங்கை சொன்னாள், மனசு நிம்மதியாச்சு.

போன வாரம் எங்கள் வார்டில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆகணும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒன்றரை வயதுப் பையன் வந்தான். வயிற்றுப்போக்கு நின்றும் சோர்வு தீரவில்லை. ஒரு மாதமாக வெறும் கஞ்சித் தண்ணீர்தான். கட்டியாக எதுவும் கொடுக்காதே என்று அக்கம்பக்கத்தார் சொன்னதை அவன் அம்மா கேட்டிருக்கிறாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்னம் உப்பி, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தான். எடையை மட்டும் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார்கள். எனக்குப் பாதம்தான் உறுத்தியது. இரண்டு பாதத்தையும் கட்டை விரலால் மூன்று எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. தராசு காட்டியதில் கோத்திருந்த நீரும் சேர்த்தி! இடது புயத்தின் நடுவில் நாடாவைச் சுற்றினால் 11.2 செ.மீ. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை 11.5-க்குக் கீழே போனாலே கடும் ஊட்டக்குறைவு. சிறுநீரில் புரதம் போகவில்லை, கிட்னிக் கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு எஃப்-75 பால் (கடும் ஊட்டக்குறைவுக்கு முதலில் கொடுக்கும் சிகிச்சைப் பால்) தொடங்கினோம், இரண்டு மணிக்கொரு தரம், கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம்தான் சங்கடம். வீக்கம் வடிய வடிய எடை இறங்கியது. "இங்க வந்து புள்ள இளைச்சுப் போறானே சிஸ்டர்" என்று அவள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலை அவளையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். குழி விழவில்லை. ஐந்தாம் நாள் டம்ளரை அவனே இழுத்துக் குடித்தான்.

இன்னொரு சிக்கல், நீளம் அளப்பது. இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் நீளம் அளக்கணும், நிற்க வைத்தால் 0.7 செ.மீ. போல குறைவாக வரும் என்று நாம் படித்தோமே. தலையைப் பிடிக்க ஒருவர், முட்டியை அழுத்த ஒருவர் வேண்டும். இரவு டியூட்டியில் நான் ஒருத்திதான். அப்படித்தான் நீளம் விட்டுப் போகிறது. நீளம் தெரியாமல் எடையை எதோடு ஒப்பிடுவது? உங்கள் வார்டில் இரவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், விவரமாக எழுது. எங்கள் அளவுப் பலகையின் கால் பக்கக் கட்டை நகராமல் சிக்கிக்கொள்கிறது. உங்களுடையதை எங்கே சரிபார்த்தீர்கள் என்றும் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்