லத்வியாவுக்குப் போக நினைக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

சுவீடன் இராணுவத்தில் கட்டாய சேவை முடிந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, நேட்டோ இராணுவக் கூட்டணிக்காக லத்வியாவுக்குப் போகும் படையணியில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, "அப்பா, நீங்கள் நேட்டோவுக்கு ஆதரவா, எதிர்ப்பா?" என்றும் கேட்டாய். இது போனில் கதைக்கிற விஷயமில்லை. அதுவும் அம்மா பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது! தாய்மொழி வகுப்பில் நீ படித்த தமிழ் இந்தக் கடிதத்துக்குக் காணும் என்று நினைக்கிறேன். விளங்காத இடத்தை அம்மாவிடம் கேட்காதே, என்னிடமே கேள்.

நான் எதிர்ப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வந்த காலத்தில் சுவீடன்காரர் நடுநிலையைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பார்கள். 1814க்குப் பிறகு இந்த நாடு போருக்கே போனதில்லை. அந்தப் பெருமையின் பலனை எங்கட ஊர்ச் சனமும் கண்டது. 2002 இலங்கைப் போர்நிறுத்தத்தின்போது வந்த கண்காணிப்புக் குழுவில் சுவீடன்காரரும் இருந்தார்கள். 2006இல் அதற்குத் தலைவராக இருந்தவரே இங்கத்தைய ஓய்வுபெற்ற ஜெனரல், உல்ஃப் ஹென்றிக்சன். அந்த மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் போட்டது. ஒன்றிய நாட்டுக்காரர் இனி நிற்கக்கூடாது என்று புலிகள் சொல்ல, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் வெளியேறின. நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். 2009இல் எங்களுக்காக ஒரு நாடும் வரவில்லை. துணைக்கு ஆளில்லாத சனம் படுகிற பாட்டைப் பார்த்தவனுக்கு, ரஷ்யாவோடு 1,300 கிலோமீற்றர் எல்லை வைத்திருக்கிற பின்லாந்துக்காரனின் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

என் மனத்தாங்கல் வேறு. 2022 மே 18 அன்று சுவீடன் நேட்டோவில் சேர விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து 2024 மார்ச் 7இல் உள்ளே போகும்வரை யாரை வைத்துப் பேரம் பேசினார்கள் என்பதுதான்.

விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்புகூட, நேட்டோ பேச்சுக்கே இடமில்லை என்று சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் ஹுல்ட்க்விஸ்ட். உக்ரைன் போர் வந்ததும் அவருடைய கட்சியே விண்ணப்பித்தது. அதை நான் குறை சொல்லவில்லை, நிலைமை மாறினால் முடிவும் மாறும். ஆனால் ஏற்கெனவே நேட்டோவில் இருந்த துருக்கி குறுக்கே நின்றது. துருக்கியை எதிர்க்கிற குர்திஷ் ஆயுதக்காரருக்குச் சுவீடன் இடம் கொடுக்கிறது என்றார் அதன் ஜனாதிபதி எர்துவான்.

அப்போது இங்கே பாராளுமன்றத்தில் அமினே ககாபாவே என்று ஒரு அம்மா இருந்தார். ஈரானியக் குர்திஷ் பெண், இளம் வயதில் குர்திஷ் போராளிப் படையான பெஷ்மெர்காவில் துவக்கு எடுத்தவர், பிறகு அகதியாக இங்கே வந்தவர். எந்தக் கட்சியிலும் இல்லாத தனி உறுப்பினர். மக்டலேனா ஆண்டர்சன் பிரதமரானதே இவருடைய தயவில்தான். சிரியக் குர்துகளுக்கு ஆதரவு தொடரும் என்று அப்போது ஆண்டர்சனின் கட்சிக்காரர் எழுத்திலேயே கொடுத்தார்கள். 2022 ஜூன் 7இல் நீதியமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. அவரை இறக்க 175 வாக்கு வேணும், விழுந்தது 174. அந்த அம்மா எந்தப் பக்கமும் போடாமல் இருந்ததால் அமைச்சர் தப்பினார், அரசும் தப்பியது. சரியாக மூன்று கிழமை கழித்து, ஜூன் 28இல், அதே அரசு மட்ரிட்டில் துருக்கியோடு ஒப்பமிட்டது. சிரியக் குர்துகளுக்கு ஆதரவில்லை என்று அதில் எழுதியிருந்தது. வாக்கை வாங்கின மை காயவில்லை, பிள்ளை.

அடுத்த நாள் விடிய பஸ் டிப்போவில், துருக்கியின் தியார்பக்கிரைச் சேர்ந்த குர்திஷ்காரர் என்னோடு கோப்பி குடிக்க வந்தார். நீ சின்னனில் 'இனிப்பு மாமா' என்று கூப்பிட்டவர். போனில் செய்தியைக் காட்டிவிட்டு, "உங்கட ஆட்களையும் இப்படித்தான் பட்டியலில் போட்டார்களா?" என்று கேட்டார். நான் 2006ஐச் சொன்னேன். அந்த மனுசன் வாழ்க்கையில் துவக்குத் தொட்டதில்லை. ஒரு குர்திஷ் சங்கத்தில் உறுப்பினர், அவ்வளவுதான். 2023 ஜூன் 1இல் பயங்கரவாத அமைப்புகளில் பங்கெடுப்பதற்கு எதிரான புதுச் சட்டம் வந்தபோது, சங்கத்து மண்டப வாடகைக்குக் குடுத்த காசும் குற்றமாகிவிடுமோ என்று என்னிடம் கேட்டார். சட்டம் படித்தவனா நான்? ஆனால் அந்தப் பயம் எங்கட சனத்துக்குப் புதிதில்லை.

நியாயமாகவும் சொல்லவேணும். எர்துவான் பேர் சொல்லிக் கேட்ட ஒரு பத்திரிகையாளரை 2022 டிசம்பரில் துருக்கிக்கு அனுப்ப முடியாது என்று இங்கத்தைய உச்ச நீதிமன்றம் மறித்தது. அதே மாதம், தஞ்சம் மறுக்கப்பட்ட வேறொரு குர்திஷ்காரரை விமானத்தில் ஏற்றினார்கள், அங்கே இறங்கியதும் பிடித்துக்கொண்டார்கள். நேட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது அரசு. இருக்கலாம். நான் நம்பவில்லை. இன்னொரு நேட்டோ நாடான ஹங்கேரி கடைசிவரை இழுத்தடித்துவிட்டு, சுவீடனின் நாலு கிரிப்பென் போர் விமானத்துக்கு உடன்பாடு முடிந்த கையோடு சம்மதித்ததையும் இந்தக் கணக்கில்தான் எழுதிக்கொள்.

இதற்கிடையில் 2022 தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கிற சுவீடன் ஜனநாயகக் கட்சி 20.5 வீதம் எடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. பழி முழுக்க அவர்கள் தலையில் போடவும் முடியாது. 2015இல் ஒரு இலட்சத்து அறுபத்துமூவாயிரம் பேர் தஞ்சம் கேட்டு வந்த பிறகு கதவைச் சாத்தத் தொடங்கியது இடதுசாரி அரசுதான். பிறகு வந்த அரசு பூட்டும் போட்டது. வேலை விசாவுக்கு மாதச் சம்பளம் 13,000 குரோனர் போதும் என்றிருந்ததை 2023 நவம்பரில் 27,360 ஆக்கினார்கள். கடைகளில் கொத்து ரொட்டி அடிக்கிற எத்தனை பெடியளுக்கு அந்தச் சம்பளம் என்று நீயே யோசி. கோயிலில் எங்கட ஆட்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அது புதுசா வாறவைக்கு, எங்களுக்கில்லை." முப்பது வருசத்துக்கு முந்தி இறங்கும்போது தாங்கள் யார் என்பது மறந்துபோச்சு!

சீருடை போட்ட பிறகும் நீ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவேணும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னோடு பயிற்சி எடுக்கிறவர்களில் குர்திஷ் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்.

அம்மாவைப் பற்றிப் பயப்படாதே. போர் வந்தால் என்ன செய்வது என்று 2024 நவம்பரில் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் அனுப்பிய கையேட்டை அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். தண்ணி, சாப்பாடு, பற்றரி ரேடியோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பங்கர் வெட்டுறதைப் பற்றி ஒண்டும் போடேல்லையே" என்றாள். நிலவறையில் இப்ப மூன்று மூட்டை அரிசி இருக்கு.

போகிறதென்றால் போ. ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்து வை. 2026 செப்டம்பர்த் தேர்தல் நேரம் அங்கே நின்றால் வாக்கைத் தபாலிலும் போடலாம், அந்த உறைகளை நேரத்தோடு எடுத்து வை. யாருக்குப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். நீயும் கேட்கமாட்டாய்.

அம்மாவுக்கு நானே சொல்கிறேன். லத்வியாவில் நேட்டோப் படைக்குக் கனடாக்காரர்தான் தலைமை என்பதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். ரொறன்ரோச் சித்தப்பா எப்படியும் ஒரு கண் வைத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா