பலகாரம் செய்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அக்டோபர் 24 உலகப் போலியோ தினத்தை ஒட்டி காரைக்குடியில் நாங்கள் வைத்த பலகார விற்பனை நல்லபடியாக முடிந்தது. சேர்ந்த பணம் முழுவதையும் ரோட்டரியின் போலியோ ஒழிப்பு நிதிக்கு அனுப்பிவிட்டோம். அங்கே சேரும் ஒரு ரூபாய்க்கு கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு ரூபாய் போடுகிறது. அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒரு டப்பா வாங்கினாலும் மூன்று டப்பா விலை போய்ச் சேர்ந்த கணக்கு. வரவு செலவை விற்பனை நடந்த வீட்டின் முகப்பில் ஒட்டியிருக்கிறோம், யாரும் வந்து பார்க்கலாம்.

முதல் நன்றி ஆச்சிமார்களுக்கு. கண்டனூரிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வந்து, இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்தவர்கள் மனகோலம், தேன்குழல், அதிரசம் என்று எதையும் விடவில்லை. சீப்புச் சீடையை மட்டும் எந்த மெஷினாலும் செய்ய முடியாது. வரி விழுந்த மாவுத் துண்டை விரலில் சுற்றி, ஓரத்தை ஒட்டி, உருவி எடுக்க வேண்டும். ஒரு ஆச்சி பேசிக்கொண்டே, பார்க்காமலே அதைச் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கல்லூரிப் பெண்களுடையது கொஞ்சம் கோணல்தான். அதுவும் விற்றுப் போனது!

மதியம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் போட்ட பந்தல் ஒழுக ஆரம்பித்ததும் வீட்டுக்காரர், "எல்லாத்தையும் வளவுக்குள்ள கொண்டாங்க" என்று உள்முற்றத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார். அன்று அந்த ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மிதிபட்ட சேற்றுக்கு அவர் வீட்டாரிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்தவர் எங்கள் டெய்லர் அண்ணன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவர், கையால் சக்கரம் சுற்றித் தைப்பவர். அவரிடம் மீதிச் சில்லறை வாங்கிப் போனவர்கள் ரொம்பக் குறைவு. "அஞ்சு ரூபாய்க்கு என்ன வாங்கப் போறீங்க, உண்டியல்ல போடுங்க" என்று அதட்டியே வசூல் செய்தார்.

சொட்டு மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து காட்டிய செவிலியர் அக்காவுக்கும் நன்றி. குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். மருந்து சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைப் போடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் பலகாரத்தை மறந்து அதைத்தான் சுற்றி நின்றார்கள்.

அப்புறம், "நம்ம ஊர்லதான் போலியோ இல்லையே, இன்னும் எதுக்கு வசூல்?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. கேட்டது நியாயம்தான். தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு இல்லை. ஆனால் 2009-ல் இந்தியாவில் 741 பிள்ளைகளுக்கு வந்தது, உலகக் கணக்கில் அது கிட்டத்தட்டப் பாதி. கடைசியாக 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் நமக்குச் சான்று கிடைத்தது. அந்த வருஷங்களில் நம் அரசு செலவழித்தது போக, நம் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ ஊர்க்காரர்கள் போட்ட காசும் இங்கே சொட்டு மருந்தாக வந்தது. இப்போது இயற்கையான போலியோக் கிருமி விடாமல் சுற்றுவது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும்தான். தொலைவில் இருக்கிறதே என்று விட முடியாது. ஆப்பிரிக்காவில் ஒழிந்தது என்று 2020-ல் சான்று கொடுத்தார்கள். 2022-ல் மலாவியில் ஒரு குழந்தைக்கு வந்திருப்பதாக அறிவிப்பு. கிருமியைச் சோதித்தால் அது பாகிஸ்தானில் சுற்றியதன் வழி வந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப் பிள்ளைகளுக்குத் தொலைவைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பிய உறவுகள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஆட்டோ அண்ணன்மார், மைக்செட்காரர், டீ வாங்கிக் கொடுத்த எதிர்வீட்டு ஐயா, எல்லோருக்கும் நன்றி.

ஒரு விஷயம். மூன்று தூக்குச்சட்டியும் ஒரு பெரிய வெங்கலக் கரண்டியும் இங்கேயே தங்கிவிட்டன. கரண்டியில் விலாசம் வெட்டியிருக்கிறது, பாதி தேய்ந்து போய்ப் படிக்க முடியவில்லை. உரியவர்கள் டெய்லர் அண்ணன் கடையில் வாங்கிக்கொள்ளலாம். உண்டியல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, சில்லறையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
விற்பனைக் குழுவினர், காரைக்குடி