டாக்டர் ஆம்ஸ்ட்ராங் கொடுத்தது எலுமிச்சைச் சாறு அல்ல

தமிழில் அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கும், மொழிபெயர்ப்போருக்கும், கலைச்சொல் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

‘கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோயை எலுமிச்சைச் சாறு போக்கியது.’ இந்த வரியைத் தமிழில் எத்தனையோ இடங்களில் படித்திருப்பீர்கள். உங்களில் சிலர் எழுதியும் இருப்பீர்கள். (ஸ்கர்வி என்பது வைட்டமின் சி குறைவால் வரும் நோய்.) இதில் பழத்தின் பெயர் தவறு. அடுத்த பதிப்பில் அதைத் திருத்த வேண்டும் என்று கேட்கவே இம்மடல். ஒரு சொல்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. கப்பலில் கொடுத்த பழத்தையும் எலுமிச்சையையும் ஆங்கிலேயக் கடற்படை ஒரே பெயரில் அழைத்து ஒன்றாகவே எண்ணிக்கொண்டதால் துருவப் பனியில் ஆட்கள் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள்.

முதலில் பழங்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எலுமிச்சை என்றும் இலங்கையில் தேசிக்காய் என்றும் சொல்கிறோமே, அது சிறியது, உருண்டை, மெல்லிய தோல். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் லைம். ஆங்கிலேயக் கடற்படை மருத்துவர்கள் லிண்டும் பிளேனும் கப்பலில் கொடுத்த லெமன் வேறு பழம். நீள்வட்டமாக, தடித்த தோலோடு, நுனியில் முலைக்காம்பு போன்ற மேட்டோடு இருக்கும். மத்தியதரைக் கடலோரத்தில், குறிப்பாக சிசிலியில் விளைந்தது. நம் எலுமிச்சை பழுத்தால் மஞ்சளாகிவிடுகிறது. படத்தில் மஞ்சள் பழத்தைக் கண்டதும் ‘இது நம் எலுமிச்சைதான்’ என்று மொழிபெயர்ப்பவர் எழுதிவிடுகிறார். ‘லெமன்’ என்றே எழுதினாலும் சிக்கல் தீராது. லெமன் சாதத்தில் நாம் பிழிவதும் லைம்தான். ஆகவே வெளியிலிருந்து வந்த இனங்களுக்கு நம்மவர் வைக்கும் முன்னொட்டையே வைத்து, சீமை எலுமிச்சை என்று சொல்லலாம். சீமைக் கருவேலம், சீமை அகத்தி போல. இம்மடலிலும் அப்படியே எழுதுகிறோம்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே காட்டலாம். அலெக்சாண்டர் ஆம்ஸ்ட்ராங், 1818இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1842இல் ஆங்கிலேயக் கடற்படையில் மருத்துவராகச் சேர்ந்தார். வடதுருவப் பகுதியில் காணாமல்போன ஃபிராங்க்ளின் குழுவைத் தேட 1850 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் அவர் தலைமை மருத்துவர். கேப்டன் ராபர்ட் மெக்லூர். அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி, பசிபிக் கடந்து, பெரிங் நீரிணை வழியாக உள்ளே போனார்கள். முதல் குளிர்காலம் நகரும் பனிக்கு நடுவே கழிந்தது. 1851 செப்டம்பரில் பேங்க்ஸ் தீவின் வடகரையில் மெர்சி விரிகுடாவுக்குள் நுழைந்த கப்பல் பிறகு வெளியே வரவே இல்லை. அந்த அக்டோபரிலிருந்தே உணவுப் படி மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்பட்டது.

அத்தகைய கப்பலில் மருத்துவருக்கு அறுவைக் கத்தியைவிட அளவுக் கோப்பைதான் முக்கியம். துருவக் கப்பல்களில் சீமை எலுமிச்சைச் சாறு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 மில்லி. சர்க்கரையும் நீரும் கலந்து, ஓர் அதிகாரியின் கண்முன்னே குடிக்க வைக்கும் வழக்கத்தை 1819இலேயே துருவப் பயணத் தலைவர் எட்வர்ட் பாரி தொடங்கியிருந்தார். கண்முன்னே என்பது வெறும் கண்டிப்புக்காக இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது எவருக்கும் மருந்து குடிக்கத் தோன்றாது. ஸ்கர்வியோ, உடம்பு நன்றாக இருக்கும்போதே உள்ளே தொடங்கிவிடும். பாரியின் அந்தக் குளிர்காலத்தில் சாறு உறைந்து கண்ணாடிப் போத்தல்கள் வெடித்துப் போயின. உறைவதால் சத்து அழிவதில்லை, போத்தல் உடைவதால்தான் இழப்பு. துருவத்துக்குப் போகிற ஒவ்வொரு மருத்துவரும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இன்வெஸ்டிகேட்டரில் ஸ்கர்வி தலைகாட்டியது மூன்றாம் ஆண்டில்தான். குறைந்த உணவோடு அவ்வளவு காலம் தாங்கியதற்குச் சாறு மட்டும் காரணமில்லை. வேட்டையில் கிடைத்த கரிபூ மானும் முயலும் கஸ்தூரி எருதும் உண்டு. புதிய இறைச்சியை அதிகம் வேக வைக்காமல் தின்றால் அதிலும் வைட்டமின் சி கிடைக்கும். கோடையில் நிலம் வெளியே தெரிந்ததும் நம் புளியாரையைப் போல் புளிக்கும் சோரல் இலையைப் பறித்துத் தின்றார்கள். பாடநூலில் இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்தால் நல்லது. சாறு ஒன்றே மந்திரம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராது.

1853 வசந்தத்தில் நிலைமை முற்றியது. பலவீனமான முப்பது பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பனியில் நடந்து தப்பிக்க அனுப்பப் போகிறேன் என்றார் மெக்லூர். இந்த உடம்போடு அவர்கள் போய்ச் சேர மாட்டார்கள் என்று ஆம்ஸ்ட்ராங் எதிர்த்தார். முதல் சாவு ஏப்ரல் 5ஆம் தேதி நேர்ந்தது. மறுநாளே, தேடி வந்த இன்னொரு கடற்படைக் கப்பலான ‘ரெசொல்யூட்’டிலிருந்து லெஃப்டினன்ட் பிம் பனிமேல் நடந்து வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் மெக்லூர் கப்பலை விட மனமில்லாமல் இருந்தார். ரெசொல்யூட்டின் கேப்டன் கெல்லட் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். தன் மருத்துவர் டொம்வில்லையும் அனுப்பினார். இருபது பேராவது தாமாக முன்வந்தால் தங்கலாம் என்பது ஏற்பாடு. பரிசோதனை முடிவு மோசம். தங்குகிறேன் என்றவர்கள் நான்கே பேர். 1853 ஜூன் 3ஆம் தேதி கப்பல் கைவிடப்பட்டது. ஒரு கேப்டனின் பிடிவாதத்துக்கு எதிரே மருத்துவர்களின் பட்டியல் நின்றது. அறுபது உயிர்களைக் காத்ததில் அந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து. 2010இல் கனடா அரசின் தொல்லியலாளர்கள் மெர்சி விரிகுடாவின் அடியில் கப்பலையும், கரையில் மூன்று கல்லறைகளையும் கண்டுபிடித்தார்கள்.

ஊர் திரும்பிய ஆம்ஸ்ட்ராங் 1857இல் பயண நூலும், 1858இல் கப்பல் சுகாதாரமும் ஸ்கர்வியும் பற்றிய நூலும் வெளியிட்டார். 1869இல் கடற்படை மருத்துவத் துறைக்கே தலைவரானார். பாடநூல்கள் சொல்லாமல் விடும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

1860களில் கடற்படை சிசிலிச் சாற்றை விட்டுவிட்டு, தன் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் எலுமிச்சைக்கு மாறியது. அதாவது நம் எலுமிச்சைக்கு. மாறியதைப் பெரிய மாற்றமாக எவரும் கருதவில்லை; இரண்டு சாற்றையும் ‘லைம் ஜூஸ்’ என்றே முன்பும் சொல்லி வந்தார்கள். நோயைத் தடுப்பது புளிப்பு என்று நம்பினார்கள். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் சற்று அதிகம். எனவே இதுவே மேல் என்றுகூடத் தோன்றியது. இதற்குள் நீராவிக் கப்பல்கள் பயண நாட்களைக் குறைத்துவிட்டன. சில வாரங்களுக்கு ஒருமுறை துறைமுகத்தில் புதிய காய்கறி கிடைத்ததால், போத்தலில் இருந்தது வெறும் புளிப்பு நீர் என்பது வெளியே தெரியவில்லை.

1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ‘அலர்ட்’, ‘டிஸ்கவரி’ என்ற இரு கப்பல்கள் வடதுருவம் நோக்கிப் போயின. சறுக்கு வண்டிப் பயணத்திலும் நாள்தோறும் சாறு கொடுக்க வேண்டும் என்பது ஆம்ஸ்ட்ராங்கின் பரிந்துரை. உறைந்த சாற்றை உருக்க எரிபொருள் வேண்டும், போத்தல் கனக்கும் என்பதால் வண்டிகளில் அதை அன்றாடப் படியாகச் சேர்க்கவில்லை. 1876 ஏப்ரல் 3ஆம் தேதி புறப்பட்ட, மார்க்கம் என்ற அதிகாரியின் சறுக்கு வண்டிக் குழுவில் அந்த மாதம் முடியும் முன்பே கால்கள் வீங்கின. மே 12ஆம் தேதி வட அட்சரேகை 83°20′ வரை எட்டினார்கள். திரும்பும் வழியில் வண்டி இழுக்க வேண்டியவர்களையே வண்டியில் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. உதவி கேட்டு லெஃப்டினன்ட் பார் தனியாகக் கப்பலுக்கு நடந்தார். உதவி வந்து சேருமுன் ஒருவர் இறந்தார். 1877இல் விசாரணைக் குழு, வண்டிகளில் சாறு இல்லாததே காரணம் என்று முடித்தது.

எங்களை உறுத்துவது அந்த முடிவுதான். குளிர்காலம் முழுவதும் கப்பலில் எல்லோரும் சாறு குடித்திருந்தார்கள். 1944 முதல் 1946 வரை ஷெஃபீல்டில் தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வில், உடம்பில் இருப்பு நன்றாக உள்ளவருக்கு வைட்டமின் சியை அடியோடு நிறுத்தினாலும் சுமார் நான்கு மாதம் கழித்தே முதல் அறிகுறி தெரிந்தது. மார்க்கத்தின் ஆட்கள் நான்கு வாரத்துக்குள் விழுந்தார்கள் என்றால், கப்பலை விட்டு இறங்கியபோதே அவர்கள் உடம்பில் இருப்பு இல்லை. அவ்வளவு நாள் குடித்த சாறு எதையும் சேர்த்து வைக்கவில்லை. குற்றம் சாறு இல்லாததில் மட்டும் இல்லை, சாற்றிலேயே இருந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்நாள் அனுபவம் ஒரு பழத்தில் கிடைத்தது. அவர் பரிந்துரைத்தபோது போத்தலில் இருந்தது இன்னொரு பழம்.

கணக்கைப் பாருங்கள். அதே ஷெஃபீல்டு ஆய்வின்படி நோயைத் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் போதும். புதிய சீமை எலுமிச்சைச் சாறு 100 மில்லியில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம். ஓர் அவுன்ஸில் 11 முதல் 14. கரையோரத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் நிற்கிறது. எலுமிச்சையில் 100 மில்லிக்குச் சுமார் 30. ஓர் அவுன்ஸில் 8 அல்லது 9. பிழிந்த அன்றே இந்த நிலை என்றால், காற்றுப்பட்டு, சூடேறி, செம்பு பட்டு, மாதக்கணக்கில் போத்தலில் கிடந்தால் என்ன மிஞ்சும்? 1918இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் உடன் பணியாற்றிய பெண்களும் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீமை எலுமிச்சையின் கால் பங்கு வலுவே எலுமிச்சைக்கு இருந்தது. பதப்படுத்திய எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்டப் பயனற்றது. ஆம்ஸ்ட்ராங் 1899இலேயே இறந்துவிட்டார்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததும் கொடுமை. சாறு குடித்தும் நோய் வந்ததால், சாற்றின் மேலேயே நம்பிக்கை போனது. கெட்டுப்போன டப்பா இறைச்சியின் நஞ்சுதான் ஸ்கர்வி என்ற கொள்கை வலுத்தது. 1901இல் ஸ்காட்டோடு தென்துருவம் போன மருத்துவர் கோட்லிட்ஸ் அதையே நம்பினார். அந்தக் குழுவிலும் ஸ்கர்வி வந்தது. 1747இல் லிண்ட் பன்னிரண்டு நோயாளிகளை வைத்துச் சோதித்தார், சிக்கல் தீர்ந்தது என்று எழுதி நிறுத்திவிடும்போது, கண்டறிந்ததை ஒரு நாடு எப்படித் தொலைத்தது என்ற பாதி மறைந்துபோகிறது.

உங்களிடம் கேட்பவை இவை. கடலோடிகள் பற்றிய பாடத்தில் சீமை எலுமிச்சை என்று எழுதுங்கள். முதல் முறை வரும்போது அடைப்பில் வடிவத்தையும் தோலையும் ஒரு வரியில் சொல்லுங்கள், நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல வேண்டாம். ‘எலுமிச்சையின் புளிப்பில் வைட்டமின் சி உள்ளது’ போன்ற வரிகளை நீக்குங்கள். நம் எலுமிச்சையில் வைட்டமின் சி இல்லை என்று யாரும் புரிந்துகொள்ளாதபடியும் எழுதுங்கள். அன்று பிழிந்து அன்றே குடித்தால் அது நல்ல பழம்தான்.

பாடத்தின் முடிவில் ஒரு சோதனையும் வையுங்கள். சோறு வடித்த கஞ்சி ஒரு பங்கு, நீர் பத்துப் பங்கு கலந்துகொள்ள வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் கரைசலை அதே போலப் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். கண்ணாடிக் கோப்பையில் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 5 மில்லி, நீர் 20 மில்லி, கஞ்சி நீர் 1 மில்லி. அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, நீல நிறம் மறையாமல் நிற்கும்வரை சொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். புதிய சாற்றுக்குப் பல சொட்டுகள் போகும். அடுத்த கோப்பையில், கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றுங்கள். நாக்கில் வைத்தால் அதே புளிப்பு. ஓரிரு சொட்டிலேயே நீலமாகிவிடும். மூன்றாவது கோப்பைக்கு, ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, வற்றிய அளவுக்கு நீர் சேர்த்த சாறு. சொட்டு எண்ணிக்கை குறையும். அந்தச் சாற்றை யாரும் குடிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

போத்தலில் விற்கும் சாற்றை இதற்குப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள். அதில் சேர்க்கும் சல்ஃபைட்டும் அயோடினை உறிஞ்சும்; இல்லாத சத்து இருப்பதுபோல் கணக்கு வரும். கஞ்சி சூடாக இருந்தாலும் நீலம் சரியாகத் தெரியாது, நன்றாக ஆறட்டும்.

வணக்கத்துடன்.