பிரிவு விழாவுக்கு வராத பிள்ளை

ஆசிரியருக்கு வணக்கம். செங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது, இன்றைக்கும் படிப்பு முடிந்தால் சிலர் மலை தாண்டிப் புனலூர், கொல்லம் என்றும் சிலர் தென்காசி, நெல்லை என்றும் பிரிந்துவிடுகிறார்கள், அப்புறம் எப்போது பார்ப்பார்களோ. ஆனால் அமெரிக்காவில் பள்ளிக் கடைசி வருடத்தில் கோட்டும் கவுனுமாக ஆடுகிற ப்ராம் விருந்தைப் போனில் பார்த்துவிட்டு, இங்கேயும் மண்டபம், டிஜே, ஒரே நிறத்தில் புடவை என்று ஆளுக்கு 1,500 ரூபாய் கேட்டால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

என் மகளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை, காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் இவள் போய்ப் பார்த்தபோது, யூனிஃபார்ம் சட்டையை மடியில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்திருந்தாளாம், "நீயாவது எழுதிட்டுப் போடி" என்று. எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருடமாவது பள்ளி மைதானத்திலேயே, யூனிஃபார்மிலேயே, காசு வாங்காமல் நடத்துங்கள். சாப்பாடா, பெற்றோர் நாங்கள் சேர்ந்து சமைத்துக் கொண்டுவருகிறோம்.

ஒரு மாணவியின் தாய்,
செங்கோட்டை