‘டிசைனர் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கும் பனியன் கம்பெனிகளுக்கு

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும், ஆள் எடுக்கும் மேனேஜர்களுக்கும்,

வணக்கமுங்க. திருப்பூரில் 16 வருடமாக பிரிண்ட் டிசைனராக இருக்கிறேன். வேறு கம்பெனி பார்க்கலாம் என்று போன மாதம் வேலை விளம்பரங்களைப் புரட்டினேன். நான் இத்தனை நாள் பார்த்தது என்ன வேலை என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு விளம்பரத்தில் ‘கிராபிக் டிசைனர்’ என்று தலைப்பு. அதற்குக் கீழே போட்டோ எடுக்க வேண்டும், ரீல்ஸ் எடிட் செய்ய வேண்டும், வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிறவருக்கு, மெயில் போட வேண்டும், ஏஐ கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சொந்த லேப்டாப் இருந்தால் முன்னுரிமையாம். டிசைனை அச்சுக்காகக் கலர் கலராகப் பிரிக்கும் கலர் செபரேஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காலம் மாறக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நான் சேர்ந்தபோது கோரல் டிரா என்ற வரையும் சாப்ட்வேர் தெரிந்தால் போதும். பையர்கள் இல்லஸ்ட்ரேட்டர் பைல் அனுப்ப ஆரம்பித்ததும் அதைக் கற்றுக்கொண்டோம். 2013-ல் இல்லஸ்ட்ரேட்டரை விற்கும் அடோபி, சாப்ட்வேரைப் பெட்டியில் விற்பதை விட்டு வாடகைக்கு மாறியது. அப்புறம் அது மாதாமாதம் வரும் பில். சொந்த லேப்டாப் கேட்கிறவர்கள் அந்தப் பில்லை யார் கட்டுவது என்றும் சொல்லிவிட்டால் நல்லது.

ஏஐயும் அப்படித்தான். சொன்னதைப் படமாகப் போட்டுத் தரும் மிட்ஜர்னி 2022-ல் வந்தது, நானும் பயன்படுத்துகிறேன். சீசன் தீம் போர்டுக்கு இரண்டு நாள் படம் தேடுவேன், இப்போது ஒரு மதியத்தில் முடிகிறது. சந்தோஷம்தான். ஆனால் ‘ஏஐதான் படம் போட்டுவிடுகிறதே, நீ ரீல்ஸைப் பார்’ என்று சொல்லும்போதுதான் வயிற்றில் புளி கரைகிறது.

ஏனென்றால் அது தருவது படம். பிரிண்டிங் டேபிளுக்குப் போக வேண்டியது பிலிம், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக. படத்தில் ஆயிரம் ஷேடு இருக்கும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன், ஆறு கலர் என்றால் ஆறு. எந்த ஷேடை எதோடு சேர்ப்பது, எதைப் புள்ளியாக உடைப்பது என்று ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கறுப்புத் துணி என்றால் அடியில் முதலில் வெள்ளை ஓட வேண்டும், அந்த வெள்ளையை மேல் கலரை விட ஒரு மயிரிழை உள்ளே இழுத்துவைக்க வேண்டும். இழுக்காவிட்டால் டிசைனைச் சுற்றி வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். கலருக்கு நம்பர் கொடுக்கும் பேன்டோன் புக்கில் காட்டன் நம்பர் வேறு, காகித நம்பர் வேறு. குழப்பினால் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது பையர் ஒப்புதலுக்கு அனுப்பும் சாம்பிள் பிரிண்ட், திரும்பி வரும், கூடவே ஷிப்மென்ட் தேதியும் தள்ளிப்போகும். அந்த நஷ்டம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரீல்ஸ் எடுக்க ஆள் வேண்டுமா, எடுங்கள். அதற்குத் தனிப் பெயரும் தனிச் சம்பளமும் போடுங்கள். ஒரே ஆள்தான் கட்டுப்படியாகும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், பாதி நாள் இது, பாதி நாள் அது என்று. சின்ன கம்பெனிகளின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். செபரேஷன் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் மட்டும் அதை முதல் வரியில் எழுதுங்கள். இப்போது படித்துவிட்டு வரும் பையன்கள் உங்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் எதைக் கற்பது என்று முடிவு செய்கிறார்கள். நம்மிடம் பழக வந்த இரண்டு பேர் ‘அண்ணா, செபரேஷன் யாரும் கேட்கறதில்லையே’ என்று வீடியோ எடிட்டிங் போய்விட்டார்கள்.

இன்னொன்று, டெஸ்ட். ஒரு மணி நேரம் உங்கள் ஆபீசில் உட்கார வைத்துப் பாருங்கள், தாராளமாக. வீட்டுக்குப் போய் மூன்று டிசைன் செய்து அனுப்பு என்றால் அது டெஸ்ட் இல்லை, வேலை. அதற்குக் காசு கொடுக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு அப்படி அனுப்பினேன், ஜேபெக்காகத்தான், செபரேஷன் செய்யாத வெறும் படமாக. பதிலே இல்லை. சில மாதம் கழித்துக் காதர்பேட்டையில் ஒரு கடை வாசலில் என்னுடைய புலி கறுப்பு டி-ஷர்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மீசையைச் சுற்றி, காதைச் சுற்றி, எங்கும் வெள்ளைக் கோடு.

இப்படிக்கு,
ஒரு பிரிண்ட் டிசைனர்,
திருப்பூர்.